மேட்ரிஜெல் இன்வேஷன் சேம்பர்: எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை

நுரையீரல் புற்றுநோய் பரவுவதில் இன்ன புரதத்துக்குப் பங்கு உண்டு என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு படம் அடிக்கடி தென்படும். வெளிர் பின்னணியில் ஊதா நிறச் செல்கள். இடப்பக்கம் நெருக்கமாக, வலப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. வலப்பக்கம் அந்தப் புரதத்தை அடக்கிய செல்கள். இந்தப் படம் பிறக்கிற இடம் விரல் நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கிண்ணம்தான். கார்னிங் நிறுவனத்தின் பயோகோட் மேட்ரிஜெல் இன்வேஷன் சேம்பர் (செல்கள் ஒரு புரதப் பூச்சை ஊடுருவுகின்றனவா என்று பார்க்கும் கிண்ணம்) அந்த வகையில் பரவலாகப் புழங்கும் தயார்ப் பொருள். வெறும் டிரான்ஸ்வெல் இன்செர்ட் (அடியில் துளையுள்ள சவ்வு கொண்ட கிண்ணம்) வாங்கி, மேட்ரிஜெல் என்ற புரதக் கலவையை நாமே பூசிக்கொள்வது அடுத்த வழி. இரண்டையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மெல்லிய புரதப் படலத்தைச் செல் தாண்டுகிறதா என்ற கேள்விக்கு இது நம்பகமான கருவி. ஆனால் பூச்சில்லாத கண்ட்ரோல் இன்செர்ட்டை உடன் வைக்காமல் செய்தால், வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. கண்ட்ரோல் இன்செர்ட் தனிப் பொதியாக வருவதால் பலர் அதில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். கைவைக்கக் கூடாத இடத்தில் கைவைக்கும் சிக்கனம் அது.

அடிப்படை யோசனை பழையது. துளையுள்ள சவ்வை நடுவில் வைத்து, மேலே செல்களும் கீழே அவற்றைக் கவரும் பொருளும் இட்டு, எத்தனை செல் கீழே வருகிறது என்று எண்ணும் முறையை 1962-இல் பாய்டன் கொண்டுவந்தார். அவர் பார்த்தது வெள்ளணுக்களின் நகர்வை. அந்தச் சவ்வின் மேல் மேட்ரிஜெல் பூசி, புற்றுச் செல்லின் ஊடுருவலை அளக்கலாம் என்று அல்பினியும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது 1987-இல். இன்றைய பொருளிலும் அதே அமைப்புதான்: 24 குழித் தட்டில் பொருந்தும் கிண்ணம், அடியில் 8 மைக்ரான் துளைகள் கொண்ட பிஇடி (ஒருவகை பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) சவ்வு, அதன்மேல் பூச்சு. பிஇடி ஒளி ஊடுருவும் பொருள் என்பதால் நுண்ணோக்கியில் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் தனித்தனியாக ஃபோகஸ் செய்ய முடிகிறது. பாலிகார்பனேட் சவ்வில் அவ்வளவு தெளிவு கிடைக்காது.

மேட்ரிஜெல் என்பது எலியின் ஈஎச்எஸ் சார்க்கோமா கட்டியிலிருந்து பிரித்தெடுத்த புரதக் கலவை. சுமார் 60 விழுக்காடு லாமினின், 30 விழுக்காடு நான்காம் வகைக் கொலாஜன், 8 விழுக்காடு என்டாக்டின், கொஞ்சம் பெர்லிகன். இவற்றோடு டிஜிஎஃப்-பீட்டா, ஈஜிஎஃப், ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. உடலில் எபிதீலியத்தின் அடியில் விரிந்திருக்கும் அடித்தளச் சவ்வின் சேர்மானமும் ஏறக்குறைய இதுவே. நுரையீரல் அடினோகார்சினோமா செல் இருந்த இடத்தை விட்டு வெளியேற இந்தச் சவ்வைத்தான் முதலில் உடைத்தாக வேண்டும். நான்காம் வகைக் கொலாஜனை வெட்டும் வேலை எம்எம்பி எனப்படும் புரதம் வெட்டும் நொதிகளில் எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற இரு ஜெலட்டினேஸ்களுடையது. செல்லின் மேற்பரப்பில் நிற்கும் எம்எம்பி-14, டிம்ப்-2 புரதத்தின் துணையோடு, உறங்கும் எம்எம்பி-2-ஐ எழுப்பிவிடுகிறது. யூபிஏ என்ற நொதியும் அதன் ஏற்பியும், பிளாஸ்மின் என்ற புரதம் வெட்டும் நொதியின் வழியாகப் பக்கத்திலிருந்து உதவுகின்றன. செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் குறைந்து செல்கள் ஒன்றையொன்று விடுவது, வைமென்டின், என்-கேட்ஹெரின் கூடிச் செல் நீண்டு ஊர்வது ஆகியவை இதற்கு முன்னும் கூடவும் நடப்பவை. இத்தனை புரதங்களின் கூட்டு விளைவை ஒரே எண்ணாகச் சுருக்கித் தருவதுதான் இந்தச் சேம்பரின் கவர்ச்சி. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

பெட்டியில் எழுதியிராத ஒன்று உண்டு. மேட்ரிஜெல்லில் இருக்கும் லாமினின், லாமினின்-111. அது பெரிதும் கரு வளரும் பருவத்தில் காணப்படும் வகை. முதிர்ந்த நுரையீரலில் லாமினின்-511, 332 போன்றவையே முக்கியம். செல் இவற்றைப் பற்றிக்கொள்ளும் இன்டெக்ரின்களும் வேறுபடுகின்றன. கொலாஜனிலும் இதே கதை: ஈஎச்எஸ் கட்டி தருவது ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 சங்கிலிகள் கொண்ட வலை, காற்றறையின் சவ்விலோ ஆல்ஃபா-3, 4, 5 சங்கிலிகள் பின்னிய, குறுக்குப் பிணைப்பு மிகுந்த, கெட்டியான வலையும் இருக்கிறது. ஆகவே ஆல்ஃபா-3 பீட்டா-1 இன்டெக்ரின் போன்ற ஒரு புரதத்தை ஆராய்பவர், மேட்ரிஜெல்லில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அந்தப் புரதத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. அதற்கு லாமினின்-511 அல்லது 332 பூசிய சவ்வு வேண்டும்.

தயார்ப் பூச்சு கொண்ட சேம்பரில் வேலை எளிது. மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். பிறகு 37 டிகிரியில் சூடாக்கிய, சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) இல்லாத மீடியத்தை (செல் வளர்ப்புத் திரவம்) இன்செர்ட்டுக்குள் 0.5 மில்லி, கீழ்க் குழியில் 0.5 மில்லி ஊற்றி, இன்குபேட்டரில் 2 மணி நேரம். உலர்ந்த பூச்சு நீர் பிடித்து எழுவதற்கான நேரம் இது. அரை மணியில் முடித்துவிட்டு அவசரப்படுகிறவர்களுக்கு இன்செர்ட்டுக்கு இன்செர்ட் எண்ணிக்கை எகிறிக் குதிக்கும். மீடியத்தை உறிஞ்சும்போது பிப்பெட் முனை பூச்சைத் தொடக் கூடாது. ஓரச் சுவரில் சாய்த்துவைத்து உறிஞ்ச வேண்டும். முனை பட்ட இடத்தில் ஒரு பிறை வடிவக் கீறல் விழும். மறுநாள் சாயமிட்டால் அந்தக் கீறலின் வழியே மட்டும் செல்கள் கும்பலாக இறங்கியிருப்பது தெரியும். அப்படிப்பட்ட இன்செர்ட்டை எண்ணாமல் ஒதுக்குவதே நேர்மை.

நாமே பூசுவதானால் மேட்ரிஜெல்லின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும். 10 டிகிரியைத் தாண்டினாலே உறையத் தொடங்கும் பொருள் இது. முந்தைய இரவே குப்பியை ஐஸில் புதைத்து 4 டிகிரி குளிர்ப்பெட்டியில் உருகவிட வேண்டும். பிப்பெட் முனை, குழாய், கரைசல் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். கையில் பிடித்து உருக்கினால் ஓரத்தில் கட்டி தட்டும். கட்டி தட்டியதை மறுபடி கலக்கிப் பயனில்லை. நீர்த்த பிறகு செறிவு ஒரு மில்லிக்கு 200 முதல் 300 மைக்ரோகிராம் இருக்கட்டும். ஸ்டாக் (குப்பியில் வரும் மூலக் கரைசல்) ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றால், 30 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கை 970 மைக்ரோலிட்டர் குளிர்ந்த பூச்சுக் கரைசலில் சேர்த்தால் 300 கிடைக்கும். பூச்சுக் கரைசல் 0.01 மோலார் டிரிஸ், பி.எச். 8, அதில் 0.7 விழுக்காடு உப்பு. இன்செர்ட் ஒன்றுக்கு 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு மிச்சத் திரவத்தை மெதுவாக உறிஞ்சிவிட வேண்டும். ஒரு மில்லிக் கரைசலில் 9 இன்செர்ட் தாராளமாக வரும்.

இந்தச் செறிவில் மேட்ரிஜெல் அல்வா போல உறையாது. ஒரு மில்லிக்கு சுமார் 3 மில்லிகிராமுக்குக் கீழே கெட்டியான ஜெல் உருவாகாது. மெல்லிய படலம்தான் படியும். நமக்கு வேண்டியதும் அதுவே. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று செறிவைக் கூட்டி, நீர்க்காத ஸ்டாக்கையே ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்போது நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாகத் தடித்த ஜெல் நிற்கும். ஏ549 போன்ற நுரையீரல் புற்றுச் செல்லுக்கு அதைத் தாண்ட ஒரு நாள் போதாது. கடைசியில் கண்ட்ரோலிலும் பூஜ்யம், சோதனையிலும் பூஜ்யம். தட்டை மட்டமான தளத்தில் வைப்பதும் முக்கியம். இன்குபேட்டர் அலமாரி சாய்ந்திருந்தால் பூச்சும் சாய்வாகத்தான் படியும்.

குப்பியை ஒருமுறை உருக்கியதும் ஒரு நாள் வேலைக்குத் தேவையான அளவாகப் பிரித்து உறைய வைப்பது நல்லது. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அதில் வைக்கக் கூடாது. லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) புரதச் செறிவு மாறும். சான்றிதழில் உள்ள எண்ணைப் பார்த்து ஒவ்வொரு முறையும் நீர்ப்புக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். போன தடவை 30 போட்டோம், இப்போதும் 30 என்று போகக் கூடாது. ஆராயும் புரதம் டிஜிஎஃப்-பீட்டா அல்லது ஈஜிஎஃப் வழிச் சமிக்ஞையோடு தொடர்புடையது என்றால், வளர்ச்சிக் காரணி குறைத்த மேட்ரிஜெல் கட்டாயம். ஏ549 செல்லுக்கு ஒரு மில்லிக்கு 5 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா-1 கொடுத்தால் 48 மணி நேரத்தில் கூழாங்கல் வடிவம் போய்க் கதிர் போல நீளும். பூச்சிலேயே டிஜிஎஃப்-பீட்டா கலந்திருந்தால், மருந்து கொடுக்காத கண்ட்ரோலும் ஓரளவு மருந்து கொடுத்தது போலத்தான்.

எந்தச் செல் என்பதும் பெரிய விஷயம். ஏ549 எளிதில் கிடைக்கும், எளிதில் வளரும். ஊடுருவலில் அவ்வளவு வேகமில்லை. எச்1299 என்ற இன்னொரு நுரையீரல் புற்றுச் செல் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்தது, கட்டியை அடக்கும் பி53 புரதம் இல்லாதது, இயல்பிலேயே வேகமாகத் தாண்டும். ஒரு புரதத்தை அடக்கினால் ஊடுருவல் குறைகிறதா என்று பார்க்க, முதலிலேயே தாண்டும் எச்1299 பொருத்தம். புரதத்தைக் கூட்டினால் ஊடுருவல் கூடுகிறதா என்று பார்க்க ஏ549. இதை மாற்றிப் பிடித்தால், குறைய இடமில்லாத இடத்தில் குறைவைத் தேடிக்கொண்டிருப்போம். இரண்டுக்கும் பக்கத்தில் எச்டி-1080 ஃபைப்ரோசார்க்கோமா செல்லை நேர்க் கண்ட்ரோலாகவும் என்ஐஎச்-3டி3 செல்லை எதிர்க் கண்ட்ரோலாகவும் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். 3டி3 வெறும் சவ்வைத் தாண்டும், பூச்சை அவ்வளவாகத் தாண்டாது. அது பூச்சையும் சுலபமாகத் தாண்டினால் பூச்சில் ஓட்டை என்று பொருள்.

செல்லை முந்தைய நாளே சீரம் இல்லாமல் பட்டினி போடுவது வழக்கம். டிரிப்சின் (தட்டில் ஒட்டிய செல்லை விடுவிக்கும் நொதி) கொண்டு பிரிக்கும்போது நிதானம் தேவை. கூடுதல் நிமிடம் விட்டால் இன்டெக்ரின்களின் தலையையும் அது வெட்டிவிடும். கழுவாமல் எடுத்துப்போனால் மிச்ச டிரிப்சின் மேட்ரிஜெல்லையே அரிக்கும். செல் செய்ய வேண்டிய வேலையை டிரிப்சின் செய்துகொடுத்த மாதிரி ஆகிவிடும். சீரத்தால் டிரிப்சினை நிறுத்தினால், அந்தச் சீரத்தையும் இரண்டு முறை கழுவித் தள்ள வேண்டும். மேல் அறையில் சீரம் தங்கிவிட்டால் கீழே ஈர்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சோயா டிரிப்சின் தடுப்பான் வைத்து நிறுத்தினால் இந்தத் தலைவலியே இல்லை.

பயோகோட் இன்செர்ட்டுக்கு ஒரு மில்லிக்கு 50,000 என்ற கணக்கில் 0.5 மில்லி, அதாவது 25,000 செல். கீழே 0.75 மில்லி மீடியம், கவரும் பொருளோடு. 22 மணி நேரம். 6.5 மில்லிமீட்டர் டிரான்ஸ்வெல்லில் மேலே 100, கீழே 600 மைக்ரோலிட்டர். இன்செர்ட்டைக் கீழ்க் குழியில் இறக்கும்போது சாய்த்து இறக்க வேண்டும். நேராக வைத்தால் சவ்வுக்கடியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். குமிழி நின்ற வட்டத்தில் ஒரு செல்கூட இறங்காது. சாயமிட்ட பிறகு சவ்வின் நடுவில் சுத்தமான வெள்ளை வட்டம் தெரிந்தால் அது ஊடுருவல் தடைபட்டதன் அடையாளம் அல்ல, குமிழியின் கைங்கரியம்.

கவரும் பொருளாகப் பெரும்பாலோர் 10 விழுக்காடு எஃப்பிஎஸ் (கன்றின் கருவிலிருந்து எடுத்த சீரம்) போடுகிறார்கள். பொதுவான சோதனைக்கு அது போதும். எம்எம்பி-2, எம்எம்பி-9 பற்றிய கேள்வி என்றால் போதாது. சீரத்திலேயே அவை இரண்டும் இருக்கின்றன, அவற்றைத் தடுக்கும் புரதங்களும் இருக்கின்றன. அங்கே எச்ஜிஎஃப் போன்ற ஒற்றை வளர்ச்சிக் காரணியோ, சீரமில்லாமல் திரட்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் மீடியமோ தெளிவான விடை தரும். எச்ஜிஎஃப் போய்ப் பற்றும் மெட் ஏற்பி பற்றிய ஆய்வுக்கு எச்ஜிஎஃப் இயல்பாகவே பொருந்துகிறது. இன்னொன்று: மேலும் கீழும் உள்ள செறிவு வேறுபாடு நேரம் போகப் போகக் கரைந்துபோகும். செல் மெதுவாக இருக்கிறது என்று 72 மணி நேரம் விட்டால், பிற்பாதியில் நடப்பது ஈர்ப்பினால் அல்ல, வெறும் அலைச்சல்.

முடிவைக் கெடுக்கும் படிகளில் முதலிடம் துடைப்புக்கு. தாண்டாத செல்கள் மேல்பக்கத்தில் பூச்சோடு ஒட்டியிருக்கும். பஞ்சுக் குச்சியை மீடியத்தில் நனைத்து, சவ்வின் மேல் அழுத்தமாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். பூப்போல் தடவினால் வராது, ஓரத்து வளையத்தில் செல் பதுங்கிக்கொள்ளும். புதிய குச்சியில் இன்னொரு முறை. பிஇடி சவ்வு இந்த அழுத்தத்தைத் தாங்கும். பிறகு மெத்தனாலில் 2 நிமிடம் நிலைநிறுத்தி, 1 விழுக்காடு டொலுயிடின் நீலமோ 0.1 விழுக்காடு கிரிஸ்டல் வயலெட்டோ. எண்ணும்போது துளைகள் சிறு வட்டங்களாகத் தெரியும் தளத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு ஃபோகஸைக் கொண்டுபோக வேண்டும். பாதி உடல் துளைக்குள், பாதி வெளியே என்று தொங்கும் செல்லை எண்ணுவதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, கடைசிவரை அதையே கடைப்பிடிக்க வேண்டும். எது எந்தக் கிண்ணம் என்று எண்ணுகிறவருக்குத் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது.

சாயத்தை அசெட்டிக் அமிலத்தில் கரைத்து 590 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கும் குறுக்குவழி பிரபலம். பரிந்துரைக்க மனம் வரவில்லை. மேட்ரிஜெல்லும் சாயத்தைப் பிடிக்கும், துடைக்காமல் விட்ட மேல்பக்கச் செல்லும் சேர்ந்து கரையும். எண்ணிக்கை குறைவான கிண்ணங்களில்தான் இந்தப் பின்னணி பெரிதாக உறுத்தும்.

கண்ட்ரோல் இன்செர்ட் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. சாதாரணச் செல்லில் பூச்சில்லாத சவ்வைத் தாண்டியது நுண்ணோக்கிப் புலத்துக்கு 200, பூசியதைத் தாண்டியது 60. ஊடுருவல் 30 விழுக்காடு. ஒரு புரதத்தை எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏ) மூலம் அடக்கிய பின் பூசியதில் 36. அறுபது முப்பத்தாறாகிவிட்டது, 40 விழுக்காடு சரிவு, புரதம் ஊடுருவலைத் தூண்டுகிறது என்று எழுதிவிடத் தோன்றும். பூச்சில்லாததில் எண்ணிப் பார்த்தால் 120. முப்பத்தாறை 120-ஆல் வகுத்தால் மறுபடி அதே 30 விழுக்காடு. அந்தப் புரதத்தை அடக்கியது செல்லின் ஊர்ந்து செல்லும் திறனைக் குறைத்திருக்கிறது; சவ்வை உடைக்கும் திறனைத் தொடவேயில்லை. ஆக்டினைச் சார்ந்த புரதத்துக்கும் எம்எம்பிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வகுத்தலில் அடங்கியிருக்கிறது.

பெருக்கமும் இதே மாதிரி ஏமாற்றும். ஏ549 இரட்டிப்பாக சுமார் 22 மணி நேரம் ஆகும், சோதனையும் அதே 22 மணி நேரம். புரதத்தை அடக்கியதால் செல் செத்திருந்தாலோ பிளவு நின்றிருந்தாலோ, கீழே எண்ணிக்கை குறைந்துதான் தெரியும். அதே செல்லை அதே நேரத்துக்குச் சாதாரணத் தட்டில் இட்டு எண்ணிய எண் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு எஸ்ஐஆர்என்ஏ வரிசையை நம்புவதும் தப்பு. குறைந்தது இரண்டு வெவ்வேறு வரிசைகள், முடிந்தால் எஸ்ஐஆர்என்ஏ பிடிக்காத வடிவில் புரதத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பதும்.

எம்எம்பிதான் காரணம் என்று சொல்ல இன்னும் இரண்டு சான்றுகள் தேவை. ஜிஎம்6001 போன்ற பரந்த எம்எம்பி தடுப்பானை 10 முதல் 25 மைக்ரோமோலார் இட்டு, தடுப்பானைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த கண்ட்ரோலோடு ஒப்பிடுவது ஒன்று. அதையும் மீறிச் செல் தாண்டினால் அது புரதத்தை வெட்டாமலே நசுங்கி நுழைகிறது, அல்லது பூச்சு சரியில்லை. ஜெலட்டின் சைமோகிராபி (ஜெலட்டினை வெட்டும் நொதிகளை ஜெல்லில் கோடுகளாகக் காட்டும் முறை) மற்றொன்று. சீரமில்லாத மீடியத்தைச் சேகரித்து, கொதிக்க வைக்காமல், மெர்காப்டோஎத்தனால் இல்லாமல், மில்லிக்கு ஒரு மில்லிகிராம் ஜெலட்டின் கலந்த ஜெல்லில் ஓட்டி, 2.5 விழுக்காடு டிரைட்டானில் கழுவி, கால்சியம் உள்ள கரைசலில் இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துச் சாயமிட்டால் நீலத்தில் வெள்ளைக் கோடுகள் தெரியும். 92 கிலோடால்டனில் எம்எம்பி-9, 72-இல் எம்எம்பி-2. கவனிக்க: இவை உறங்கும் வடிவங்கள். ஜெல்லில் உள்ள எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரம் அவற்றின் மடிப்பைக் குலைத்துவிடுவதால், வெட்டுப்படாமலே ஜெல்லில் வேலை செய்கின்றன. 72-இல் கோடு தடித்துவிட்டது என்பதால் செயல்படும் எம்எம்பி-2 கூடிவிட்டது என்று ஆகாது. அதற்குக் கீழே வரும் சிறிய கோட்டைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சேம்பர் சொல்வது பரவலின் ஒரு படியை மட்டும். ரத்தத்தில் நுழைவது, அங்கே பிழைப்பது, மூளையிலோ எலும்பிலோ அட்ரினலிலோ வெளியேறிக் குடியேறுவது எதுவும் இதில் இல்லை. அடித்தளச் சவ்வுக்கு அப்பால் செல் சந்திக்கும் முதல் வகைக் கொலாஜன் நார்களும் இல்லை. 8 மைக்ரான் துளை தாராளமானது என்பதால் உட்கரு நசுங்க வேண்டிய நெருக்கடியும் பெரிதாக இல்லை. எம்எம்பி தடுப்பான்களின் வரலாறு இந்த இடைவெளிக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வகத்தில் செல்லின் ஊடுருவலை அழகாகத் தடுத்த வகை மருந்துகள் அவை. சிறு செல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த பிரினோமாஸ்டாட்டும், சிறு செல் வகையில் கொடுத்த மாரிமாஸ்டாட்டும் நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை. மூட்டு, தசை வலிதான் மிஞ்சியது. நோய் முற்றிப் பரவிய பிறகு கொடுத்ததும், எம்எம்பிகளில் சில உடலுக்குப் பாதுகாப்பாக இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

மாற்று வேண்டுமென்றால், ஒளி புகாத சவ்வு கொண்ட ஃப்ளூரோபிளாக் வகையில் துடைப்பே தேவையில்லை. ஒளிரும் சாயமிட்ட செல் கீழே வந்தால்தான் கருவிக்குத் தெரியும். நேரம் நேரமாக அளக்க அது வசதி. முதல் வகைக் கொலாஜனுக்குள் செல் உருண்டையைப் புதைத்து, அதிலிருந்து கிளை நீள்வதைப் பார்ப்பது மெதுவான வேலை என்றாலும் திசுவுக்கு நெருக்கமானது. சேம்பரில் நல்ல விடை கிடைத்த புரதத்தை அடுத்து அதில் ஓட்டிப் பார்ப்பது சரியான வரிசை.

வாங்குகிறவருக்கு: எப்போதாவது இரண்டு மூன்று தட்டு மட்டும் ஓட்டும் ஆய்வகத்துக்குத் தயார்ப் பூச்சே மேல், கைப்பூச்சின் ஏற்ற இறக்கத்தில் வீணாகும் செல்களும் நாட்களும் மிச்சம். வாரந்தோறும் ஓட்டுகிறவர்கள், அல்லது மேட்ரிஜெல் தவிர வேறு புரதம் பூச வேண்டியவர்கள், வெறும் இன்செர்ட்டும் ஒரு குப்பி மேட்ரிஜெல்லும் வாங்கிக் கையால் பூசலாம். எந்த வழியானாலும், ஒரு நிலைக்கு மூன்று பூசியது, மூன்று பூசாதது என்று எண்ணி, ஆய்வு முழுவதுக்கும் தேவையானதை ஒரே லாட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள். பாதியில் லாட் மாறினால் முதல் பாதியைப் புதிய லாட்டில் மறுபடி ஓட்ட வேண்டிவரும்.